இடப்பக்கம் இங்கிலீஷ், வலப்பக்கம் தெலுங்கு

மருந்து பாட்டிலில் இருந்த எழுத்தும் பரீட்சைப் பேப்பரில் இருந்த எழுத்தும் ஒன்றுதான். அதில் தேவயானிக்குச் சந்தேகமே இல்லை. அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் நகரியின் விசைத்தறிக் கொட்டகைகளில் பதினாறு வருஷம் பாவு பிணைத்த கண் அது. ஒரே நிறத்தில் மூவாயிரம் இழை ஓடினாலும் எது தடிப்பு, எது மெலிவு என்று பிரித்துச் சொல்லிவிடும். பாம்பு மாதிரி ஒன்று, நாற்காலி மாதிரி ஒன்று, வயிறு தள்ளியது ஒன்று, காலை நீட்டி உதைப்பது ஒன்று, வாயைப் பாதி திறந்தது ஒன்று. பாட்டிலில் அந்த ஐந்து. பேப்பரிலும் அதே ஐந்து, வாலில் இன்னொன்று ஒட்டிக்கொண்டு. பேப்பரில் அதற்கு நேரே சிவப்பு மையில் 'ரைட்' போட்டிருந்தது.

பேப்பரில் சரியாக எழுதிய வார்த்தைக்கு, பாட்டிலில் பார்த்தால் மட்டும் மகள் கன்னிகாவுக்கு ஏன் அர்த்தம் தெரியவில்லை? அதுதான் தேவயானிக்குப் பிடிபடவில்லை.

"இன்னொரு தபா படி கண்ணு" என்றான் நாராயணசாமி. களியைப் பிட்டு வேர்க்கடலைச் சட்னியில் தோய்த்தபடி பாட்டிலை மகள் பக்கம் திருப்பி வைத்தான். தை மாசத்துப் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. மாமரங்கள் பூத்து நின்றன. விடிந்ததும் தத்துப்பூச்சிக்கு மருந்தடிக்க வேண்டும்.

"ஷேக் வெல் பிஃபோர் யூஸ்" என்று தடங்கலில்லாமல் படித்தாள் கன்னிகா.

"ஷோக்கா படிக்கிற. அப்டீன்னா இன்னா?"

"யூஸுன்னா யூஸ் பண்றது நைனா."

"அது எனக்கே தெரியுமே. மத்ததெல்லாம்?"

கன்னிகா தட்டைப் பார்த்தாள்.

"இருபத்தஞ்சுக்கு இருபத்தஞ்சு வாங்கின பொண்ணு. மாம்பூவுக்கு மருந்தடிக்க நான் கலெக்டராண்ட போயி கேக்கணுமா?"

"துன்றப்போ புள்ளைய நோண்டாத" என்றாள் தேவயானி. "மருந்து நேத்திக்கா அடிக்கிற? எப்பவும் போல அடி."

வீட்டிலிருந்த டச் போன் தீபாவளியன்றே பம்புசெட்டுத் தொட்டியில் விழுந்து செத்துப்போயிருந்தது. அந்த ராத்திரியில் கேட்க வேறு இடமில்லை. நாராயணசாமி எப்பவும் போல அடித்தான்.

இந்த வருஷம்தான் புதுசாக வாங்கிய அந்த மருந்து ஒரு தினுசான சரக்கு. பாட்டிலில் சும்மா நின்றால் கனமானது அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், மேலே தெளிவு நிற்கும். குலுக்கி ஊற்றினால்தான் முதுகில் மாட்டித் தெளிக்கிற ஒவ்வொரு டாங்குக்கும் ஒரே பங்கு போகும். அவன் குலுக்கவில்லை. முதல் எட்டு டாங்கும் வெறும் தண்ணீராகப் போனது. ஒன்பதாவது டாங்கில் அடிமண்டி மொத்தமும் இறங்கியது. நாலாம் நாள் கிணற்றோரத்து மூன்று மரங்களில் பூங்கொத்து கருகி, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. மற்ற மரங்களில் பூச்சி அப்படியே இருந்தது.

நகரிக்குப் போய் மருந்துக் கடையில் கேட்டு வந்தான். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுச் சொன்னான்: "ஆட்டிட்டு ஊத்தணுமாம். பாட்டில் மேலயே போட்டுக்கீதாம்."

திட்டியிருந்தால் கன்னிகாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். சுவரில் பசை போட்டு ஒட்டியிருந்த இருபத்தைந்து மார்க் பேப்பரின் பக்கம் அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் முகத்தைத் திருப்பவில்லை.

ஆந்திர எல்லைக்குள் இருந்தாலும் அவர்கள் ஊரான வேலாங்குப்பத்தில் எல்லோரும் தமிழ். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைதான் தமிழ். ஆறாவதுக்கு மெயின் ரோட்டு ஹைஸ்கூலுக்குப் போனால் பாடம் இங்கிலீஷில் இருக்கும், வாத்தியார் அதைத் தெலுங்கில் விளக்குவார். கன்னிகா ஆறாவதில் தெலுங்கு எழுத்தை வரைந்து பழகினாள், ஏழாவதில் எழுத்துக்கூட்டிப் படித்தாள். இப்போது எட்டாவது. மூன்று மொழியிலும் எழுத்து வந்துவிட்டது. பொருள் ஒன்றில்தான் வந்தது.

அடுத்த சனிக்கிழமை பள்ளியில் பெற்றோர் கூட்டம். பாதி வேலையில் சொல்லிவிட்டு தேவயானி நேராகக் கொட்டகையிலிருந்து போனாள். தலையிலும் புருவத்திலும் பஞ்சு. பஸ்ஸில் தட்டிக்கொண்டே வந்தும் போகவில்லை. கடைசி வரிசையில் தூணோரமாக உட்கார்ந்தாள்.

சித்தூரிலிருந்து ஓர் அதிகாரியம்மா வந்திருந்தார். இங்கிலீஷ் வாத்தியார் ஹரிபிரசாத் சின்ன வயசுக்காரர், நல்லவர், அன்றைக்குப் புதுச்சட்டை போட்டிருந்தார். "எங்க ஸ்கூல் பொண்ணு மேடம்" என்று தெலுங்கில் சொல்லி, கன்னிகாவை மேடைக்குக் கூப்பிட்டார். கரும்பலகையில் ஒரு வாக்கியம் எழுதினார். கன்னிகா ஒரே மூச்சில் அதைச் செயப்பாட்டு வினையாகத் திருப்பிப்போட்டு எழுதினாள். கைதட்டல். இன்னொன்று. அதுவும் சரி. நாலாவதுக்குப் பின்வரிசைப் பொம்பளைகள்கூடக் கைதட்டினார்கள். தேவயானி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் "என் பொண்ணுதான்" என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

அதிகாரியம்மா சிரித்துக்கொண்டே எழுந்து, பலகையில் இருந்த ஒரு வாக்கியத்தைக் காட்டி, இங்கிலீஷில் என்னவோ கேட்டார். கன்னிகா தலையாட்டிவிட்டு, அவர் கேட்ட கேள்வியையே திருப்பிப்போட்டுப் பலகையில் எழுதினாள்.

"அதி காது அம்மா" என்றார் அதிகாரியம்மா, அது இல்லை என்று. பிறகு மெதுவாக, "தீனி அர்த்தம் ஏமிடி?" அர்த்தம் என்ன என்கிற கேள்வி. கன்னிகா சும்மா நின்றாள். அடுத்த வாக்கியத்தைக் காட்டினார். சுண்ணாம்புக்கட்டி அவள் கையில் இரண்டாக உடைந்தது.

முன்வரிசையில் ஒரு பையன் கத்தினான்: "மேடம், அது அரவப் பிள்ள மேடம்!"

தமிழ்க்காரப் பிள்ளையாம். ஹால் முழுக்கச் சிரித்தது. ஹரிபிரசாத் டஸ்டரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு எதையும் துடைக்காமல் நின்றார்.

"ஈ பாப்ப வாள்ளம்மா வச்சிந்தா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார் அதிகாரியம்மா. இந்தப் பிள்ளையின் அம்மா வந்திருக்கிறாளா? குரலில் கோபம் எதுவும் இல்லை. பேசிப்பார்க்கத்தான் கூப்பிட்டார்.

தேவயானி குனிந்தாள். செருப்பு வாரைப் பிடித்துச் சரிசெய்தாள். வாரில் ஒரு கோளாறும் இல்லை. தலையெல்லாம் பஞ்சு, மேடைக்குப் போனால் எதையாவது படிக்கச் சொல்வார்கள், தெலுங்கு தெரியுமா என்பார்கள், தமிழில் கையெழுத்துப் போட்டால் இன்னொரு தரம் சிரிப்பார்கள். இதெல்லாம் நினைத்து முடிப்பதற்குள் குனிந்தாகிவிட்டது. குனிந்தபடியே கண்ணை மட்டும் உயர்த்தினாள். மேடையிலிருந்து கன்னிகா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ராலேது மேடம்" என்றாள் கன்னிகா. வரவில்லை. சுத்தமான தெலுங்கில், தெளிவாக.

திரும்பும்போது இருவரும் ஒரே பஸ்ஸில்தான் ஏறினார்கள். கன்னிகா முன்னால் உட்கார்ந்தாள். தேவயானிக்குப் பின்னால்தான் இடம் கிடைத்தது. கிடைத்தது என்று சொல்லிக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே கன்னிகா பையை ஆணியில் மாட்டினாள். "நான் இனிமே ஸ்கூலுக்குப் போவல. உன்கூட பாவு பிணைக்க வரேன்."

"ரெண்டு நாளு போவட்டும், தானா போவும்" என்றான் நாராயணசாமி.

திங்கள் போனது, செவ்வாயும் போனது. 'ஏன் போகவில்லை' என்று கேட்க வேண்டிய வாய் தேவயானியுடையது. கேட்டால், 'நீ ஏன் எழுந்து நிற்கவில்லை' என்று திரும்பி வரும். புதன்கிழமை காலையில் கன்னிகா அவளுக்கு முன்னால் போய் பஸ் ஸ்டாப்பில் நின்றாள்.

"பதிமூணு வயசுப் புள்ளைய வேலைக்கு இட்டுனு வந்தியான்னு ஓனரு கத்துவாரு."

"லீவுன்னு சொல்லு."

பாவு பிணைக்கிறது பார்க்கச் சுலபமான வேலை. தறியில் நீளவாட்டில் ஓடுகிற பழைய பாவு தீரும்போது அதன் வால் இழைகளை உருவி எறிய மாட்டார்கள். அவை ஏற்கெனவே சீப்பு மாதிரியான அச்சின் பல்லுக்குள் நுழைந்து அதனதன் இடத்தில் நிற்கின்றன. அந்த ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் முறுக்கிவிட்டு இழுத்தால், புதியது பழையதன் பின்னாலேயே ஊர்ந்துபோய்த் தன் இடத்தில் உட்காரும். முடிச்சு கிடையாது. விரலில் சாம்பலைத் தொட்டு, இரண்டு நுனியையும் சேர்த்து ஒரு முறுக்கு, மடித்து இன்னொரு முறுக்கு. மூவாயிரத்துச் சொச்சம் தரம். ஒன்றைத் தவறவிட்டால் அதற்கப்புறம் உள்ளதெல்லாம் ஓர் இடம் தள்ளிப்போகும். முந்தாநாள், திங்கட்கிழமை, தேவயானி அப்படித் தவறவிட்டு, பதினாறு வருஷத்தில் முதல்தடவையாக இருநூறு இழையைப் பிரித்துப் பிணைத்திருந்தாள்.

அவளுக்கு எதிரே உட்காருகிறவள் கமலம்மா. தெலுங்குக்காரி. தமிழையும் தெலுங்கையும் ஒரே குழம்பாக ஊற்றிப் பேசுவாள். கன்னிகாவின் விரலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்பா! செய்யி சூடு, செய்யி!" என்றாள், கையைப் பார் என்று. "உன் கையவிட வேகம் தேவயானீ. இங்கயே உட்டுரு. ரெண்டு வருஷத்துல நம்பள வூட்டுக்கு அனுப்பிரும் இந்தப் பாப்ப."

பெருமைப்பட வேண்டிய பேச்சு. நிஜமாகவே நல்ல கை. அதுதான் தேவயானிக்குப் பயமாக இருந்தது. இன்னும் பத்து நாள் போனால் இந்தக் கை இங்கேயே தங்கிவிடும்.

சாம்பலைத் தொடக் கையை நீட்டினாள். கன்னிகா தன் சாம்பலை ஒரு காகிதத்தில் கொட்டி வைத்திருந்தாள். அச்சடித்த காகிதம்.

"இன்னா பேப்பர்டி இது?"

"கைடுல கிழிச்சது."

"எதுக்குக் கிழிச்ச?"

"இனிமே எதுக்கு அது?"

தேவயானி சாம்பலைக் கீழே தட்டிவிட்டுக் காகிதத்தை ஊதினாள். பாம்பு, நாற்காலி, தள்ளிய வயிறு, உதைக்கிற கால், பாதி வாய். "இத்த பாரு. அன்னிக்கி பாட்டில்ல இருந்தது."

"ஆமா. ஷேக்."

"இது இன்னான்னு தெரியாமயே எப்டிடி இருபத்தஞ்சு வாங்கின? திட்டல. வேலைய காட்டு, நான் பாக்கணும்."

கன்னிகா சாம்பல் விரலால் காகிதத்தில் ஒரு வட்டம் போட்டாள். "மொதோ வார்த்தைக்கு வட்டம். கடேசி வார்த்தைக்கு கட்டம். கட்டத்த முன்னாடி தூக்கிப் போடணும், வட்டத்த பின்னாடி தள்ளணும். நடுவுல கீறதுக்குப் பட்டியல்ல மூணாவதா இன்னா போட்டுக்கீதோ அத்த எழுதணும். வட்டத்துக்கு முன்னாடி ஒரு 'பை'. அவ்ளோதான். சாரு சொல்லிக் குடுத்தது."

"வட்டத்துல கீறது ஆளா, மாடான்னுகூட பாக்காமயா?"

"பாக்கவே வேணாம்மா. எதுவா இருந்தாலும் வரும்."

கமலம்மா குலுங்கிச் சிரித்தாள். "நம்ப தறியும் இதானே செய்யிது! யாரு கட்டப்போற துணின்னு தெரியாமயே நெய்யிது."

கன்னிகாவும் கொஞ்சம் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இந்தப் பக்கம் கீறது?" என்று காகிதத்தின் வலப்பாதியைக் காட்டினாள் தேவயானி.

"தெலுங்கு. இடப்பக்கம் இங்கிலீஷு, வலப்பக்கம் அதுக்கு அர்த்தம். எழுத்து தெரியும், படிப்பேன். புரியாது. பசங்க விளையாட்டுல பேசற தெலுங்கு வேற, இது வேற."

"படி."

"எதுக்கு?"

"சும்மா படி. காது சும்மாதான கீது."

கன்னிகா வேண்டாவெறுப்பாக எழுத்துக்கூட்டினாள். "அ...த...டு. சீ...சா...னு. ஊ...பு...தா...டு."

"பாட்டில ஆட்டறான்" என்றாள் தேவயானி. கை இழையை முறுக்கிக்கொண்டே இருந்தது.

கன்னிகா நிமிர்ந்தாள். "இன்னா சொன்ன?"

"அவன் பாட்டில ஆட்டறான். சீசான்னா பாட்டிலு. மண்ணெண்ண வாங்கப் போனா சீசா எடுத்தாம்பாங்களே..."

"உனக்குத் தெலுங்கு தெரியுமா?"

"எனக்கு எங்க தெரியும்? ஒரு எழுத்து தெரியாது."

யார் கேட்டாலும் அவள் சொல்லுகிற பதில் அதுதான். தெரியாது. கமலம்மாவோடு பதினாறு வருஷம், மகளிர் குழுவில் தலைவியம்மா வாசித்துக் காட்டுகிற நோட்டீஸ்கள், சாயங்கால சீரியல், எல்லாம் காது வழியாகப் போய்ச் சேர்ந்து கிடந்தன. எழுத்துத் தெரிந்தால்தான் தெரியும் என்று சொல்லலாம் என அவள் நினைத்திருந்தாள்.

கன்னிகா இடப்பக்கத்தைப் பார்த்தாள், வலப்பக்கத்தைப் பார்த்தாள். "அப்போ ஷேக்குன்னா ஆட்டறதா?"

"ஆட்டறது, குலுக்கறது."

மூன்று மாமரங்களும் இருவருக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றன.

"அடுத்தத படி."

"பா...லு...டு. கி...டி...கீ...னி. ப...க...ல...கொ...ட்டா...டு."

"பையன் ஜன்னல ஒடச்சிட்டான்."

கன்னிகாவின் விரல் அந்த வரியிலேயே நின்றது. "இது... அன்னிக்கி போர்டுல இருந்தது. மேடம் கேட்டது இதான். பையன் ஜன்னல ஒடச்சிட்டான். அவ்ளோதானா மா?"

"அவ்ளோதான்."

"அவ்ளோதானா?" என்று மறுபடியும் கேட்டாள். சிரித்தாள். சிரிப்பு பாதியில் மாறிவிட்டது. கண்ணைத் துடைத்த இடமெல்லாம் சாம்பல் கோடு விழுந்தது.

தேவயானி இழையை விட்டாள். "அன்னிக்கி நான் எழுந்து நிக்கல" என்றாள்.

"தெரியும்."

"வார் அறுந்துபோச்சின்னு..."

"அறுந்துபோவல."

"அறுந்துபோவல. நீ வர்லன்னு சொல்லிட்ட."

"நீ வராத மாதிரிதான குனிஞ்சிக்கினு இருந்த. நான் வேற இன்னா சொல்றது?"

கமலம்மா முகத்தைத் தறிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கையை மட்டும் நிறுத்தவில்லை. கொட்டகையின் மறுகோடியில் ஓடுகிற தறிகள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன.

"இன்னொண்ணு கீது" என்றாள் கன்னிகா கொஞ்சம் பொறுத்து. "கவி காவ்யமுனு ரசிஞ்சாடு."

தேவயானி யோசித்தாள். பிடிபடவில்லை. "அக்கா, ரசிஞ்சாடுன்னா இன்னா?"

"ரசம் கிசம் வெச்சானோ என்னமோ" என்றாள் கமலம்மா திரும்பாமலே. "நம்ப அவ்ளோ எங்க படிச்சோம்? போயி அந்த சாரக் கேளு."

வியாழக்கிழமை காலையில் தேவயானி தலைக்கு ஊற்றிக்கொண்டு, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு ஹைஸ்கூலுக்குப் போனாள். கன்னிகா பின்னால் வந்தாள். ஹரிபிரசாத் ஸ்டாஃப் ரூமில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார்.

"நேனே கன்னிகா வாள்ளம்ம சார்" என்றாள் தேவயானி. நான்தான் கன்னிகாவின் அம்மா. மகளின் முன்னால் அவள் வாயிலிருந்து தெலுங்கு வருவது அதுதான் முதல்தடவை. அன்றைக்கு வந்திருந்தேன், எழுந்து நிற்கவில்லை என்றும் சொன்னாள். வழியெல்லாம் அந்த இரண்டு வரியைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள்.

ஹரிபிரசாத் பேனாவை மூடினார். பிறகு தெலுங்கில், குரலைத் தாழ்த்திச் சொன்னார்: வட்டமும் கட்டமும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். மார்க் வர வேண்டுமென்று சொல்லிக்கொடுத்தது. பிள்ளை மேடையில் நின்றபோது, தப்பு என்னுடையது மேடம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"சார், ரசிஞ்சாடுன்னா ஏமி சார்?" என்றாள் கன்னிகா.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ராசாடு" என்றார். எழுதினான்.

"எழுதறதா? இதுக்காம்மா கமலம்மாக்கா ரசம் வெச்சாங்க?"

தேவயானி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாசி கடைசியில் அடுத்த பரீட்சைப் பேப்பர் வந்தது. இருபத்தைந்துக்குப் பதினாலு. நாராயணசாமி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். நிறைய வரி வெறுமையாக இருந்தது.

"இன்னா கண்ணு, பாதிய எழுதவே இல்ல?"

"அதுக்கெல்லாம் அர்த்தம் தெரியல நைனா. வட்டம் போட்டா வரும். போடல. எழுதினது பதினாலும் தெரிஞ்சி எழுதினது."

அவன் உள்ளே போய், பிஞ்சுக்கு அடிக்க வாங்கி வைத்திருந்த புது பாட்டிலைக் கொண்டுவந்து மகள் முன்னால் வைத்தான். கன்னிகா அதைப் படிக்கவில்லை. கையில் எடுத்துக் குலுக்கிவிட்டு அவனிடமே கொடுத்தாள்.

இப்போது அந்த வீட்டில் இங்கிலீஷ் படிப்பது இப்படித்தான். சாயங்காலம் தேவயானி கொட்டகையிலிருந்து வந்து முகம் கழுவியதும் இருவரும் கைடை நடுவில் வைத்துக்கொண்டு உட்காருவார்கள். கன்னிகாவிடம் எழுத்து இருக்கிறது, தேவயானியிடம் பொருள் இருக்கிறது. முதலில் வலப்பக்கத் தெலுங்கைக் கன்னிகா எழுத்துக்கூட்டி உரக்கப் படிக்க வேண்டும். தேவயானி அதைக் காதால் வாங்கித் தமிழில் சொல்ல வேண்டும். கன்னிகா அந்தத் தமிழை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, இடப்பக்க இங்கிலீஷுக்கு நேரே ஒட்ட வேண்டும். யார் செய்தது, என்ன செய்தது, எதைச் செய்தது என்று தெரிந்த பிறகுதான் வாக்கியத்தைத் திருப்பிப்போடலாம். ஒரு நாளைக்கு ஐந்து வாக்கியம், அதற்கு மேல் இல்லை. இரண்டு பேருக்கும் தெரியாத வார்த்தைக்கு அடியில் ஒரு கோடு. கோடு போட்டதை, மறுநாள் சார் வகுப்புக்குள் வந்ததும், எழுந்து நின்று கேட்க வேண்டும்.